ஒரு பீம், மூன்று மொழிகள், ஒரே சி லைப்ரரி: வாசகர் கேள்வி பதில்

எர்லாங், எலிக்சர், கிளீம் மூன்றும் பீம் என்ற ஒரே மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகின்றன. சி அல்லது ரஸ்டில் எழுதிய நிரலை அதற்குள் நேரடியாக இணைக்கும் வழிக்கு நிஃப் என்று பெயர். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நிஃப் பற்றியவை. ஜாவா ஓடும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம் பற்றி வந்த ஒரு கேள்விக்கும் கீழே பதில் இருக்கிறது.

கேள்வி: படங்களின் அளவை மாற்றும் சி லைப்ரரி ஒன்று எங்களிடம் இருக்கிறது. பழைய சேவை எர்லாங்கில், புதியது எலிக்சரில், இன்னொரு குழு கிளீமில் தொடங்கியிருக்கிறது. ஆளுக்கொரு நிஃப் எழுத வேண்டுமா?

வேண்டாம். ஒன்றே போதும். ஆனால் அந்த ஒன்று மூன்று மொழிகளில் எதன் பழக்கத்தையும் சுமக்கக் கூடாது. மூன்றுக்கும் பொதுவானது பீமின் தரவு வகைகள் மட்டுமே: முழு எண், பின்ன எண், ஆட்டம் (தன் பெயரே மதிப்பாக உள்ள மாறிலி), பைனரி (பைட்டுகளின் தொடர்), டியூப்பிள் (நிலையான எண்ணிக்கை உறுப்புகளின் தொகுப்பு), பட்டியல், மேப் (சாவி-மதிப்பு இணைகள்), ரெஃபரன்ஸ் (ஒன்றைச் சுட்டும் அடையாளம்). சி பக்கம் இவற்றோடு நின்றுவிட வேண்டும். அந்தந்த மொழிக்கு ஏற்ற அலங்காரம் எல்லாம் மேலே இருக்கும் மெல்லிய உறையில் நடக்கட்டும்.

நிஃப் ஏற்றும் மாட்யூலை எர்லாங்கில் எழுதுங்கள். எலிக்சரில் எழுதினால், அந்த மாட்யூலைப் பயன்படுத்த விரும்பும் எர்லாங், கிளீம் திட்டங்கள் எலிக்சர் கம்பைலரையும் அதன் அடிப்படை லைப்ரரியையும் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். எர்லாங் கம்பைலரோ எர்லாங்கின் அடிப்படைத் தொகுப்பான ஓடிபியோடு வருவது, எல்லோரிடமும் இருக்கிறது. எர்லாங்கின் கட்டுமானக் கருவியான ரீபார்3-இன் திட்டமாக, மூன்று மொழிகளுக்கும் பொதுவான ஹெக்ஸ் தொகுப்புக் களஞ்சியத்தில் வெளியிட்டால் எலிக்சரின் கட்டுமானக் கருவியான மிக்ஸும் கிளீமும் அதைத் தாமே கட்டிக்கொள்ளும். பீமில் மாட்யூல் பெயர்கள் அனைத்தும் ஒரே தட்டையான பெயர்வெளியில் இருப்பவை. ‘இமேஜ்’ என்று பொதுவாகப் பெயர் வைத்தால் வேறொரு லைப்ரரியோடு மோதும். லைப்ரரியின் பெயரை முன்னொட்டாகவும் நிஃப் என்பதைப் பின்னொட்டாகவும் வையுங்கள்.

திருப்பித் தரும் மதிப்பில்தான் வடிவமைப்பு உண்மையில் தீர்மானமாகிறது. வெற்றி என்றால் ஓகே என்ற ஆட்டமும் மதிப்பும் கொண்ட இரட்டை டியூப்பிள், தோல்வி என்றால் எரர் என்ற ஆட்டமும் காரணமும். எர்லாங்கிலும் எலிக்சரிலும் இது மரபு. கிளீமிலோ ரிசல்ட் என்ற வகை கம்பைல் ஆகும்போது கிடைக்கும் வடிவமே இதுதான், மாற்றித் தர எதுவும் தேவையில்லை. காரணத்தைச் சிறிய எழுத்தில், அடிக்கோடிட்ட ஆட்டமாகத் தாருங்கள். கிளீமில் நாட்ஃபவுண்ட் என்று எழுதும் வகை உறுப்பு நாட்_ஃபவுண்ட் என்ற ஆட்டமாகத்தான் மாறுகிறது, அதனால் பிழை வகையையும் அப்படியே அறிவித்துவிடலாம். காரணத்தோடு கூடுதல் தகவல் வேண்டுமானால் முதல் இடத்தில் ஆட்டம் உள்ள டியூப்பிள். எர்லாங் ரெக்கார்டும் கிளீமின் வகையும் நினைவகத்தில் இதே வடிவம்தான்.

‘மதிப்பு இல்லை’ என்பதை மட்டும் சி பக்கத்திலிருந்து தராதீர்கள். எர்லாங் அதை அன்டிஃபைண்ட் என்கிறது, எலிக்சர் நில் என்கிறது, கிளீமின் ஆப்ஷன் நன் என்கிறது. எதைத் தந்தாலும் இரண்டு மொழிக்காரர்களுக்கு அது அந்நியம். எலிக்சர் ஸ்ட்ரக்ட்டையும் சி-யில் கட்டாதீர்கள். அது மறைவான ஒரு சாவி உள்ள மேப்தான், கட்ட முடியும், ஆனால் எலிக்சர் பக்கம் ஒரு புலம் சேர்ந்த அன்றே சி நிரலும் மாற வேண்டும்.

கிளீம் குழுவுக்கு ஓர் எச்சரிக்கை. வெளி ஃபங்ஷனுக்கு நீங்கள் எழுதும் வகையைக் கிளீம் கம்பைலர் அப்படியே நம்புகிறது, சரிபார்க்க அதற்கு வழி இல்லை. சி பக்கம் மூன்று உறுப்பு டியூப்பிள் தந்து, கிளீமில் இரண்டு என்று அறிவித்தால், பிழை அழைத்த இடத்தில் தெரியாது. சம்பந்தமே இல்லாத வேறொரு கோப்பில் வெடிக்கும். உறைக்கு ஒவ்வொரு வெற்றி வழியிலும் ஒவ்வொரு தோல்வி வழியிலும் ஒரு சோதனை எழுதியே ஆக வேண்டும்.

கேள்வி: எர்லாங்கிலிருந்து சரம் அனுப்பினால் வேலை செய்கிறது. எலிக்சரிலிருந்து அதே சரத்தை அனுப்பினால் பேட்ஆர்க் (தவறான அளபுரு) பிழை. தமிழில் அனுப்பினால் இரண்டிலும் பிழை. ஏன்?

நீங்கள் எனிஃப்_கெட்_ஸ்ட்ரிங் (எனிஃப்_ என்று தொடங்குபவை பீம் சி நிரலுக்குத் தரும் ஃபங்ஷன்கள்) பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறோம். அது படிப்பது பட்டியலை, பைனரியை அல்ல. எர்லாங்கில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதும் சரம் எண்களின் பட்டியல். ‘தமிழ்’ என்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண்கள், முதல் எண் 2980. எலிக்சரில் அதே மேற்கோள் தருவது யூடிஎஃப்-8 பைனரி, 15 பைட். ஆகவே எலிக்சர் சரம் அந்த ஃபங்ஷனிடம் தோற்கிறது. தமிழ் எர்லாங்கிலும் தோற்கக் காரணம் வேறு: லத்தீன்-1 குறியாக்கத்தில் 255-க்கு மேற்பட்ட எண்ணுக்கு இடமில்லை. யூடிஎஃப்-8 தேர்வு ஓடிபி 26-இல்தான் சேர்ந்தது.

சி பக்கம் பைனரி மட்டுமே வாங்குங்கள், எனிஃப்_இன்ஸ்பெக்ட்_பைனரி வழியாக. பட்டியலாக வரும் சரத்தை எர்லாங் உறையில் யூனிகோட் மாட்யூலின் கேரக்டர்ஸ்_டு_பைனரி மாற்றித் தரட்டும். ஐஓலிஸ்ட்டை (பைட்டுகளும் பைனரிகளும் கலந்த பட்டியலை) பைனரியாகப் பார்க்கும் ஃபங்ஷன் இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். ஐஓலிஸ்ட்டில் உள்ள எண்கள் 0 முதல் 255 வரைதான் இருக்கலாம், 2980-ஐக் கண்டதும் அதுவும் நிராகரிக்கும்.

சோதனை எழுதும்போது இன்னொரு குழி. எர்லாங் மூலக்கோப்பில் இரட்டைக் கோண அடைப்புக்குள் தமிழ்ச் சரம் எழுதி, யூடிஎஃப்8 என்ற வகைக் குறிப்பை விட்டுவிட்டால், ஒவ்வொரு எண்ணின் கடைசி 8 பிட் மட்டும் மிஞ்சும். பிழை எதுவும் வராது, குப்பை மட்டும் வரும். ஓடிபி 27 முதல் சரத்தின் முன் அலைக்குறி இட்டு எழுதினால் நேரடியாக யூடிஎஃப்-8 பைனரி கிடைக்கிறது.

பைனரியின் முடிவில் சுழியம் பைட் இருக்காது. கோப்புப் பெயரை வாங்கி அப்படியே சி-யின் எஃப்ஓபன்-க்குக் கொடுத்தால் அது எல்லையைத் தாண்டிப் படிக்கும். நீளத்தைவிட ஒன்று அதிகமாக இடம் ஒதுக்கி, நகலெடுத்து, கடைசியில் சுழியம் வையுங்கள். நடுவில் சுழியம் உள்ள பெயரை உள்ளே விடாதீர்கள். பார்க்கக் கிடைத்த பைனரியின் மேல் எழுதவும் கூடாது. அதே நினைவகத்தை வேறு பத்து ப்ராசஸ்கள் (பீமுக்குள் தனித்தனியாக ஓடும் இலகுவான வேலைகள்) பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எண்ணிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. எனிஃப்_கெட்_டபுள் முழு எண்ணை ஏற்காது. எலிக்சரில் 1.5 அனுப்பினால் ஓடும், 2 அனுப்பினால் பேட்ஆர்க். முதலில் டபுளாகப் படித்துப் பார்த்து, தோற்றால் 64 பிட் முழு எண்ணாகப் படியுங்கள். கிளீமில் வகை கட்டாயம் என்பதால் அங்கே இது தலைகாட்டாது. அங்கே சோதித்துவிட்டுச் சரி என்று விட்டவர்கள் பின்னால் மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: பெரிய படம் ஒன்றைச் செயலாக்கும்போது சம்பந்தமில்லாத கோரிக்கைகளும் டைம்அவுட் ஆகின்றன. சிபியு 100 சதவீதம்கூடப் போகவில்லை. எங்கே பார்ப்பது?

நேர ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்கள். பீம் பொதுவாக ஒவ்வொரு சிபியு கோருக்கும் ஒரு ஷெட்யூலர் இழையை (ப்ராசஸ்களுக்கு முறை வைத்து ஓட்டும் த்ரெட்டை) ஓட்டுகிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு முறைக்கு 4000 ரிடக்‌ஷன் (ஒன்று ஏறத்தாழ ஒரு ஃபங்ஷன் அழைப்பு) என்ற கணக்கு, அது தீர்ந்ததும் அடுத்தவர் முறை. சி ஃபங்ஷனுக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. 400 மில்லி விநாடி எடுத்தால் அந்த ஷெட்யூலரின் வரிசையில் நிற்கும் ப்ராசஸ்கள் 400 மில்லி விநாடி காத்திருக்கும். அழைப்பு அடிக்கடி வந்தால் ஷெட்யூலர்களுக்கு இடையே வேலையைப் பங்கிடும் கணக்கும் குழம்பி, சில கோர்கள் சும்மா இருக்க சில திணறும். உங்கள் சிபியு நிரம்பாதது இதனால்தான். எர்லாங் ஆவணம் சொல்லும் எல்லை ஏறத்தாழ 1 மில்லி விநாடி. உங்கள் மடிக்கணினியில் 0.8 வந்ததே என்று திருப்திப்படாதீர்கள், நிரல் ஓடப்போகும் மிக மெதுவான இயந்திரத்தில் அளந்து பாருங்கள்.

உறுதிப்படுத்த, சிஸ்டம்_மானிட்டரில் லாங்_ஷெட்யூல் என்ற தேர்வை 10 மில்லி விநாடிக்கு வையுங்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எந்த ப்ராசஸ் என்று செய்தி வரும்.

தீர்வு மூன்று விதம். வேலையைத் துண்டாக்க முடிந்தால் துண்டாக்குங்கள்: படத்தின் 16 வரிசைகளை முடித்ததும் எனிஃப்_கன்ஸ்யூம்_டைம்ஸ்லைஸ்-க்கு எத்தனை சதவீத நேரம் செலவானது என்று சொல்லுங்கள். அது 1 திருப்பினால் முறை முடிந்தது. நிலையை ஒரு ரிசோர்ஸில் (சி தரவைப் பீம் காக்கும் பொதியில்) வைத்து, எனிஃப்_ஷெட்யூல்_நிஃப் மூலம் மீதியைப் பின்னால் தொடரச் சொல்லி வெளியேறுங்கள். அதிக உழைப்பு, ஆனால் ப்ராசஸைக் கொன்றால் வேலையும் உடனே நிற்கும் என்ற பெரிய பலன் உண்டு.

லைப்ரரி ஒரே மூச்சில்தான் ஓடும் என்றால், நீண்ட சி வேலைகளுக்கென்றே பீம் வைத்திருக்கும் டர்ட்டி ஷெட்யூலர். ஃபங்ஷன் பட்டியலில் ஒரு கொடியை மாற்றினால் போதும். 2017-இல் வந்த ஓடிபி 20 முதல் இது இயல்பாகவே இருக்கிறது. கணக்குப் போடும் வேலைக்கு ஒரு வகை, காத்திருக்கும் வேலைக்கு இன்னொரு வகை. முதல் வகை இழைகள் இயல்பில் சாதாரண ஷெட்யூலர்களின் எண்ணிக்கையே, இரண்டாவது 10. 8 கோர் இயந்திரத்தில் நெட்வொர்க்கில் காத்திருக்கும் எட்டு அழைப்புகளை முதல் வகையில் போட்டுவிட்டால் ஒன்பதாவது பட வேலைக்கு இடமே இல்லை. சி நிரல் டர்ட்டி இழையில் ஓடும்போது அழைத்த ப்ராசஸைக் கொன்றாலும் அது நிற்காது, முடியும்வரை ஓடும். நீண்ட சுழலுக்குள் அவ்வப்போது எனிஃப்_இஸ்_கரன்ட்_ப்ராசஸ்_அலைவ் என்று கேட்டு, இல்லை என்றால் வெளியேறுங்கள்.

மூன்றாவது, சொந்த இழை. கேமரா போலத் தொடர்ந்து தரவு தரும் லைப்ரரிக்கு இதுவே பொருத்தம். முடிவை எனிஃப்_சென்ட் மூலம் ப்ராசஸுக்கு அனுப்புங்கள். செய்திக்குத் தனிச் சூழல் (பீம் மதிப்புகள், அதாவது டெர்ம்கள், வாழும் இடம்) ஒதுக்க வேண்டும். சொந்த இழையிலிருந்து அழைக்கும்போது அழைப்பவர் சூழல் இருக்கும் இடத்தில் நல் (வெற்றுப் பாயிண்டர்) கொடுக்க வேண்டும். அனுப்பியபின் அந்தச் சூழலில் கட்டிய டெர்ம்கள் செல்லாது, ஆனால் சூழலை விடுவிக்கும் பொறுப்பு இன்னும் உங்களுடையது. பலரிடம் நினைவகம் கசிவது இங்கேதான்.

சிறிய படமும் பெரிய படமும் கலந்து வந்தால், சாதாரண நிஃபாக நுழைந்து அளவைப் பார்த்து, பெரியதை மட்டும் எனிஃப்_ஷெட்யூல்_நிஃப் வழியாக டர்ட்டிக்குத் திருப்பிவிடலாம். அழைக்கும் மொழிகள் மூன்றுக்கும் இது தெரியவே வேண்டாம்.

கேள்வி: அடிக்கடி தேவைப்படும் ஒரு மேப்பை சி-யில் ஸ்டாட்டிக் மாறியில் வைத்திருக்கிறேன். சில நாள் ஓடுகிறது, பிறகு விஎம் (மெய்நிகர் இயந்திரம்) விழுகிறது. அதைப் பூட்டி வைக்க வழி உண்டா?

பூட்ட வழி இல்லை. இல்லாமல் இருப்பதும் நல்லதே. டெர்ம் ஒன்று தன் சூழல் இருக்கும்வரை மட்டும் செல்லும். நிஃப் அழைப்பின் சூழல் அழைப்போடு முடிகிறது. மேப் கிடப்பது அழைத்த ப்ராசஸின் ஹீப்பில் (அதன் சொந்த நினைவகத்தில்), அடுத்த குப்பை சேகரிப்பில் (பயன்படாத நினைவகத்தை மீட்கும்போது) அது இடம் மாறும், உங்கள் மாறியில் பழைய முகவரி மிஞ்சும். ஆட்டம் மட்டும் விலக்கு. லோடு நேரத்தில் உருவாக்கி ஸ்டாட்டிக்காக வைக்கலாம், ஓடிபியின் கிரிப்டோ நிஃபே அப்படித்தான் செய்கிறது. மேப்பை வைத்தே ஆக வேண்டுமானால் எனிஃப்_அலாக்_என்வ் மூலம் தனிச் சூழல் ஒதுக்கி, எனிஃப்_மேக்_காப்பி கொண்டு அதற்குள் நகலெடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் இருக்கிறது என்று புரிந்தால் எரிச்சல் குறையும். ஜாவாவின் முதல் பதிப்பில் சி நிரல் ஜாவா ஆப்ஜெக்ட்டின் புலங்களை ஸ்ட்ரக்ட் உறுப்புகள் போல நேரடியாகத் தொட முடிந்தது. வசதிதான். ஆனால் நினைவக அமைப்பை மாற்றினால் எல்லா நீட்சிகளும் உடையும், ஆப்ஜெக்ட்டை இடம் மாற்றும் குப்பை சேகரிப்பும் முடியாது. 1997-இல் ஜேடிகே 1.1 அதைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஹேண்டில் (முகவரி அல்லாத மறைமுகச் சுட்டி) வழியாக மட்டும் தொட வைக்கும் ஜேஎன்ஐ என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. ரூபியின் சி இடைமுகம் சரத்தின் உள்நினைவகத்துக்கே பாயிண்டர் தருகிறது. அந்தப் பாயிண்டரை நம்பும் நீட்சிகளை ஜேவிஎம்மில் ஓடவைக்க, அங்கே ஓடும் ரூபியான ஜேரூபி 1.6 சோதனையாக முயன்றது, பிறகு அந்த ஆதரவே விலக்கப்பட்டது. சி பக்கம் ஒருமுறை கொடுத்துவிட்ட பாயிண்டரை விஎம்மால் திரும்ப வாங்க முடியாது. நீங்களே ஒரு மொழி அல்லது விஎம் கட்டுகிறீர்கள் என்றால், முதல் நாளிலேயே ஹேண்டில் மட்டும் கொடுங்கள். மேக்ரோவாகக்கூட உள்ளமைப்பை வெளியே காட்டாதீர்கள். மேக்ரோ கம்பைலாகி மற்றவர்களின் பைனரியில் உறைந்துவிடும்.

எதிர்த் திசையில், சி-யின் பாயிண்டரை மொழிகளிடம் கொடுக்க ரிசோர்ஸ். வரிசை இது: ஒதுக்கு, நிரப்பு, எனிஃப்_மேக்_ரிசோர்ஸ் மூலம் டெர்ம் ஆக்கு, உடனே எனிஃப்_ரிலீஸ்_ரிசோர்ஸ். கடைசிப் படியை மறந்தால் அது என்றைக்கும் விடுபடாது, இருமுறை செய்தால் விஎம் விழும்.

ரிசோர்ஸின் டிஸ்ட்ரக்டரை (அது விடுபடும்போது ஓடும் ஃபங்ஷனை) மட்டும் நம்பியிருப்பது தவறு. 100 எம்பி படம் ஒன்றைப் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ், ப்ராசஸ் ஹீப்பில் சில சொற்கள்தான். அதற்குப் பின்னால் 100 எம்பி தொங்குவது குப்பை சேகரிப்பானுக்குத் தெரியாது. ஹீப் வளரவில்லை, ஆகவே சேகரிப்பு நடக்கவில்லை, சர்வரின் நினைவகம் தீர்ந்துபோகிறது. வெளிப்படையான மூடும் ஃபங்ஷன் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். ரிசோர்ஸுக்குள் ‘மூடியாயிற்று’ என்ற கொடி, அதைக் காக்க ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு), இருமுறை மூடினாலும் ஓகே. மூடியபின் பயன்படுத்தினால் எரர், க்ளோஸ்ட். அதே மியூடெக்ஸ் மற்றொன்றுக்கும் உதவும்: ரெஃபரன்ஸை இன்னொரு ப்ராசஸுக்கு யாரும் அனுப்பலாம், இரு ஷெட்யூலர்கள் ஒரே நொடியில் அதே படத்துக்குள் நுழையலாம். மூன்று மொழிக்காரர்களும் தரவு மாறாது என்று நம்பிப் பழகியவர்கள். ஆகவே இருக்கும் படத்தின் மேலேயே எழுதும் ஃபங்ஷனைத் தவிர்த்து, புதிய படத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: சி லைப்ரரி தரும் பிழைச் செய்தியை ஆட்டமாக மாற்றி அனுப்பலாமா?

கூடாது. ஆட்டங்கள் குப்பை சேகரிப்பில் போவதில்லை, அட்டவணையின் இயல்பு எல்லை 10,48,576. கோப்புப் பெயர் கலந்த செய்திகளை ஆட்டமாக்கினால் ஒருநாள் அட்டவணை நிரம்பி விஎம் மொத்தமாக நிற்கும். தெரிந்த பிழை எண்களுக்கு மட்டும் நிலையான ஆட்டங்கள், செய்தி பைனரியாக. வெளியிலிருந்து வரும் பெயரை ஆட்டமாக்கியே தீர வேண்டுமென்றால் எனிஃப்_மேக்_எக்ஸிஸ்டிங்_ஆட்டம்.

கேள்வி: நிஃபை அழைத்தால் அன்டெஃப் (அப்படி ஃபங்ஷன் இல்லை) பிழை வருகிறது. மாட்யூல் கண்முன்னே இருக்கிறது, பெயரும் சரி.

லோடு தோற்றிருக்கிறது. ஆன்_லோட் ஃபங்ஷன் ஓகே தவிர வேறு எதைத் திருப்பினாலும் பீம் அந்த மாட்யூலையே இறக்கிவிடும், பிறகு அழைத்தால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் சொல்லும். உண்மைக் காரணம் சற்று முன்னால் பதிவில் ஓர் எச்சரிக்கையாகப் போயிருக்கும், மேலே தேடுங்கள். வழக்கமான காரணங்கள்: லோட்_நிஃப்-க்குக் கொடுக்கும் பாதையில் .எஸ்ஓ (கம்பைலான சி லைப்ரரிக் கோப்பு) ஒட்டைச் சேர்த்திருப்பீர்கள், அது வேண்டாம், பீமே சேர்த்துக்கொள்ளும். சி பட்டியலில் உள்ள ஒரு ஃபங்ஷனுக்கு எர்லாங் மாட்யூலில் அதே பெயரில், அதே எண்ணிக்கை அளபுருக்களோடு மாதிரி இல்லாமல் இருக்கும். .எஸ்ஓ இருக்கும் ப்ரிவ் அடைவைக் கேட்டால் பேட்_நேம் வரும், அடைவின் பெயரும் செயலியின் பெயரும் வேறாக இருந்தால் இப்படி ஆகும். எஸ்க்ரிப்ட்டாக (ஒரே கோப்பில் அடங்கும் நிரலாக) கட்டியிருந்தால் .எஸ்ஓ ஆர்க்கைவுக்குள் மாட்டிக்கொள்ளும், அங்கிருந்து ஏற்ற முடியாது.

ஓடும்போதே மாட்யூலைப் புதுப்பிக்கும் பழக்கம் இருந்தால், அப்கிரேட் ஃபங்ஷன் இல்லாத நிஃப் இரண்டாவது ஏற்றத்தை மறுக்கும். அதை எழுதுங்கள். ரிசோர்ஸ் வகையைத் திறக்கும்போது க்ரியேட், டேக்ஓவர் இரு கொடிகளையும் கொடுங்கள். .எஸ்ஓ பெயரில் பதிப்பு எண் சேருங்கள், இல்லையேல் பழையதும் புதியதும் ஒரே ஸ்டாட்டிக் தரவைப் பங்கிட நேரும்.

கேள்வி: ரஸ்டில் நிஃப் எழுத உதவும் ரஸ்ட்லர் பயன்படுத்தினால் விஎம் விழவே விழாதா?

ரஸ்ட் பேனிக் (மீள முடியாத பிழை) எழுந்தால் ரஸ்ட்லர் அதைப் பிடித்து எக்ஸெப்‌ஷனாக மாற்றும். கார்கோ கோப்பில் பேனிக்கை அபார்ட் என்று வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ரஸ்ட்டுக்கு அடியில் இருக்கும் சி லைப்ரரி தவறான நினைவகத்தைத் தொட்டால் ரஸ்ட்லராலும் காக்க முடியாது. முகமறியாதவர்கள் ஏற்றும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் லைப்ரரி என்றால் நிஃப் வேண்டாம், போர்ட் (பீமுக்கும் வெளி நிரலுக்கும் இடையிலான தொடர்பு வழி) வைத்து, தனி இயங்குதள ப்ராசஸாக ஓட்டுங்கள். பேக்கெட் 4 தேர்வில் ஒவ்வொரு செய்திக்கு முன்னும் 4 பைட் நீளம், பெரிய முனை முதலில். வெளி நிரல் எங்காவது ஒரு ப்ரின்ட்எஃப் விட்டால் அந்த எழுத்துகளே நீளமாகப் படிக்கப்பட்டு ஓட்டம் குலையும், பதிவுகளை எஸ்டிடிஎர்-க்கு அனுப்புங்கள். உள்ளீடு முடிந்ததைக் கண்டதும் நிரல் தானே வெளியேற வேண்டும். இல்லையேல் பீம் நின்றபின்னும் அது அநாதையாக ஓடும்.

கேள்வி: எங்கள் ஜேவிஎம் திட்டத்தில் காட்லினும் ஸ்காலாவும் க்ளோஜரும் கலந்திருக்கின்றன. ஜேஎன்ஐ எழுதினால் காட்லினில் அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர் (சி ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற பிழை). பொதுவாக எப்படி அமைப்பது?

ஜேஎன்ஐ சி ஃபங்ஷனைத் தேடுவது கிளாஸின் பெயரை வைத்து. அந்தப் பெயரை உருவாக்குவது மொழிக் கம்பைலர். காட்லினின் கம்பேனியன் ஆப்ஜெக்ட்டுக்குள் எக்ஸ்டர்னல் என்று அறிவித்தால் கிளாஸ் பெயரில் டாலர் குறி நுழையும், சி-யில் அது _00024 என்று எழுதப்பட வேண்டும். ஸ்காலாவின் ஆப்ஜெக்ட்டுக்கும் இதே கதி. பெயரில் அடிக்கோடு இருந்தால் அது _1 ஆகும்.

ஆகவே நேட்டிவ் அறிவிப்புகளை ஒரு சிறிய ஜாவா கிளாஸில் வைத்து, மற்ற மொழிகள் அதன் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களை அழைக்கட்டும். ஜேஎன்ஐ_ஆன்லோட்-க்குள் ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸ் செய்தால் பெயர்த் தேடலே தேவையில்லை. தேவைப்படும் கிளாஸ்களையும் அங்கேயே ஃபைண்ட்கிளாஸ் செய்து, குளோபல் ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் உருவாக்கும் சி இழையிலிருந்து தேடினால் சிஸ்டம் கிளாஸ்லோடர் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) மட்டுமே பார்க்கும், உங்கள் கிளாஸ் கிடைக்காது. ஒரு நேட்டிவ் லைப்ரரியை ஒரே ஒரு கிளாஸ்லோடர்தான் ஏற்ற முடியும் என்பதால், அந்த ஜாவா கிளாஸ் எல்லோருக்கும் பொதுவான மேல் லோடரில் இருக்க வேண்டும். ஒரே சர்வரில் இரண்டு வார் கோப்புகள் (ஜாவா வலைச் செயலிப் பொதிகள்) தனித்தனியாக ஏற்றப் பார்த்தால் இரண்டாவது தோற்கும்.

சரத்தை இங்கேயும் பைட்டுகளாகவே அனுப்புங்கள். கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸ் தருவது திருத்திய யூடிஎஃப்-8. வழக்கமான தமிழ் எழுத்துகள் இரண்டிலும் 3 பைட்தான், அதனால் சோதனை தேறிவிடும். 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த முந்திரி என்ற 1/320 பின்னக் குறி போன்றவை உண்மை யூடிஎஃப்-8-இல் 4 பைட், இங்கே 6. இமோஜிகளுக்கும் இதே நிலைதான். சி லைப்ரரி அதைப் பிழையான சரம் என்று தள்ளும்.

ஜாவா 22 அல்லது அதற்குப் பிந்தையது கையில் இருந்தால், 2024 மார்ச்சில் நிலைபெற்ற அயல் ஃபங்ஷன் இடைமுகத்தைப் பாருங்கள், சி ஒட்டு நிரலே எழுத வேண்டாம். அங்கேயும் மொழிவாரிக் கல் உண்டு. சி ஃபங்ஷனை வேகமாக அழைக்கும் இன்வோக்எக்ஸாக்ட் அழைப்பின் கையொப்பத்தைக் கம்பைலர் துல்லியமாகப் பதிக்க வேண்டும். க்ளோஜர் அதைச் செய்வதில்லை, மெதுவான இன்வோக்வித்ஆர்க்யூமென்ட்ஸ் வழிதான் மிஞ்சும். காட்லினில் கோரூட்டீன் ஒன்று இடையில் நின்று வேறு இழையில் தொடர்ந்தால், கன்ஃபைண்ட் அரீனாவில் (ஒரே இழைக்கு உரிய நினைவகப் பகுதியில்) ஒதுக்கிய நினைவகம் ராங்த்ரெட் எக்ஸெப்‌ஷன் தரும். நினைவகம் ஒரு சஸ்பெண்ட் புள்ளியைத் தாண்டி வாழ வேண்டுமென்றால் ஷேர்ட் அரீனா. அதை மூடுவது சற்றுச் செலவு, எனவே சின்னச் சின்ன அழைப்புக்கு ஒன்றாகத் திறக்காமல் ஒரு முழு வேலைக்கு ஒன்று என வையுங்கள். ஹேண்டில்களைக் கட்டி அழைக்கும் இடத்தையும் அதே ஜாவா கிளாஸுக்குள் அடைத்துவிட்டால், க்ளோஜர் பக்கம் வெறும் ஸ்டாட்டிக் அழைப்பாக முடிந்துவிடும்.